தேவராஜ் அண்ணனின் பாதம்

நேற்று மதியம் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, கொதிக்கிற சிமெண்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. குப்பென்று ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், மண்வாசனைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. மோட்டாரை நிறுத்தலாம் என்கிற புத்திகூட வராமல், துணிகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டேன். கீழ்வீட்டு அம்மா கத்திய பிறகுதான் ஓடினேன்.

எனக்கு அந்த வாசனை என்றால் ஜென். சிரிக்காதீர்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் முதல் வேலை கிடைத்து, அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரி கஸ்தூரி, பள்ளிக்கூட டீச்சர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. எங்கேயோ பத்து நாள் முகாமுக்குப் போய் ஜென் தியானம் பழகி வந்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்காரலாம் என்றாள். மாடி என் அறை வாசலிலேயே தொடங்கியதால் தப்பிக்க வழியில்லை.

மூன்றாவது ஆள் தேவராஜ் அண்ணன். ஆவடித் தொழிற்சாலையில் வெல்டர், குவார்ட்டர்ஸ்வாசி. மகள் கஸ்தூரியின் வகுப்பில் படித்த பழக்கத்தில், உடைந்த கேட்டைப் பற்றவைத்துத் தர ஒரு ஞாயிறு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மா பண்றீங்க?"

"சும்மா உட்கார்ந்திருக்கோம், அண்ணா."

"சும்மாவா? அப்ப நானும் வரேன்."

மணி வாங்க வசதியில்லை. கஸ்தூரி எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த ஓசை தேய்ந்து தேய்ந்து ஏரிக்குள் போய்விடும். நீர்க்காகம் ஒன்று முங்கும். அது எழுவதற்குள் எனக்குத் தூக்கம் வரும். மூச்சைக் கவனி என்றால் மனசு இட்லியைக் கவனிக்கும். தொலைவில் ரயில் போகிற சத்தம் கேட்கும்போது, போவது ரயிலா நானா என்று ஒரு மயக்கம். அந்த மயக்கத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

உட்கார்ந்து முடித்ததும் வெறுங்காலோடு மெதுநடை. குதிகால் படுவதை, பாதம் பதிவதை, விரல்கள் எழுவதை உணர வேண்டும். சித்திரை மாதம் பத்து மணிக்கு அந்தத் தரையில் உணர்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நானும் கஸ்தூரியும் ஐயோ அம்மா என்று தொட்டி நிழலுக்குத் துள்ளி, காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டோம். சுட்ட தரையிலிருந்து குப்பென்று அந்த வாசனை எழுந்தது. தேவராஜ் அண்ணன் மட்டும் வெயிலில் அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"அண்ணா, சுடலையா?"

"சூடா? ஒண்ணியும் தெர்லியே மா."

கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டாள். "பார்த்தியா, நாம இன்னும் தோலைத் தாண்டலை. அவர் எங்கேயோ போயிட்டார்." அண்ணனிடமும் அதையே சொன்னோம், இது பெரிய முன்னேற்றம் என்று. எனக்குப் பொறாமை. மறுவாரம் நானும் ஒரு சுற்று நடந்து பார்த்து, இரண்டு நாள் நுனிக்காலில் ஆபீஸ் போனேன். கால் சுளுக்கு என்று மேனேஜரிடம் புளுகினேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு அண்ணன் வரவில்லை. அவர் மனைவி மேரி அக்கா வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கும்முன் பிடித்துக்கொண்டார்.

"சக்கரை கீற உடம்பு. காலு மரத்துப்போச்சி, டாக்டராண்ட போலாம்னு மூணு மாசமா சொல்றேன். அது நல்ல அறிகுறியாம், டீச்சரம்மா சொல்லிச்சாம்! கொப்புளம் ஒடஞ்சி, பழுத்து, ரெண்டு விரல எடுத்துட்டாங்க. இத்தினி நாளு கண்ண மூடிக்கினு இன்னாத்த பாத்தீங்க?"

கஸ்தூரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.  வெட்கத்தில் எனக்கு உடம்பு எரிந்தது. அன்றைக்கு எந்த வெயிலும் தேவைப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் வந்தார், காலை மூடிய செருப்போடு. கூடவே மேரி அக்காவின் கட்டளையும் வந்தது. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டுமாம், கீறலோ சிவப்போ இருக்கிறதா என்று. மற்ற ஆறு நாளும் அக்காவே பார்த்துவிடுவார். ஞாயிறு காலையில் அக்காவுக்கு சர்ச். "அன்னிக்கி நீங்க பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது தண்டனையா மன்னிப்பா என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை.

டம்ளர் தட்டுவதற்கு முன் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிடும், அதனால் நான்தான் பார்ப்பேன். முதலில் கூச்சமாக இருந்தது, அவருக்கும்தான். பிறகு பழகிவிட்டது. இடது பாதம், வலது பாதம், விரலிடுக்குகள், தையல் போட்ட இடம். மூச்சில் ஒரு நிமிடம் நிற்காத என் மனசு, அந்தப் பாதங்களை விட்டு எங்கேயும் போனதில்லை. இட்லி ஞாபகம் வந்ததே இல்லை.

"எதுனா கீதா மா?"

"ஒண்ணுமில்லண்ணா."

அதன் பிறகுதான் உட்காருவோம்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. அவர் ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளோடு ஓசூர் போனார். போன மூன்றாம் மாதம் மாரடைப்பு. செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. கஸ்தூரி வீட்டை விற்றுவிட்டாள், அங்கே இப்போது எட்டு மாடி. அவரோடு ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடியே இருந்தவர்கள் நாங்கள். போன மாதம் போனில் அவருக்கு மீசை இருந்ததா இல்லையா என்று நானும் கஸ்தூரியும் சண்டை போட்டோம், தீரவில்லை. முகம் போய்விட்டது.

பாதம் போகவில்லை. குதிகாலில் மூன்று வெடிப்பு, கணுக்காலில் பழைய வெல்டிங் பொறியின் தழும்பு, இரண்டு விரல் இருந்த இடத்தில் குழந்தைத் தோல்போல வழவழப்பு. கடைசி ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு கீறல்கூட இல்லை. நான்தான் பார்த்தேன்.