பெரியப்பா பார்த்து எடுத்த வண்டி

வண்டியைப் பற்றிப் பெரியப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவர் இருந்ததோ அடுத்த வீட்டில். கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் அவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆகவே சட்டத்தைக் காப்பாற்றுவது எங்களுக்கு லேசான காரியமாக இருக்கவில்லை.

அப்பா அதுவரை விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அந்த அலைச்சல் உடம்புக்கு ஒத்துவராமல், பழைய பிக்கப் வேன் ஒன்றை வாங்கி, பங்காருபேட்டையிலிருந்து ஆண்டர்சன்பேட்டைக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றலாம் என்று முடிவு செய்தார். வண்டியைப் பார்த்துச் சொல்ல அவர் கூப்பிட்டது பெரியப்பாவை.

பெரியப்பா சுரங்கத்தின் அடி லெவல்களில் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு ஃபிட்டராக இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு வீட்டோடு இருந்தார். நெஞ்சில் கல்தூசு படிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருக்குழாய் வரைக்கும் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவார். அவரிடம் யாரும் எதையும் ரிப்பேருக்குக் கொடுப்பதில்லை, யோசனை கேட்பதுமில்லை. அப்பா கேட்டதும் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, சொன்ன நேரத்துக்கு முன்பே எங்கள் வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

வண்டி வெள்ளை நிறம், புதுப் பெயிண்ட். சாவியைத் திருப்பியதும் ஒரே இழுப்பில் எடுத்ததாம். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்ஜின் நல்லா கீதுடா, எடுத்துக்கோ" என்றாராம். அன்று சாயங்காலம் அப்பா இதை லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பெருமை மறுநாள் காலையோடு முடிந்தது. குளிரில் வண்டி எடுக்கவில்லை. பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். பேட்டரியில்லை, செல்ஃப் மோட்டார்தான் என்றார்கள். அதைச் சரிசெய்து கொஞ்ச நாளில் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய், ஏற்றத்தில் இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. பின்தட்டில் ஓரிடத்தில் பெயிண்ட் உரிந்தபோது, அடியில் துருவும் அதன்மேல் ஒட்டுப்போட்ட தகரமும் தெரிந்தன. அச்சுக்கு மேலே இருக்கும் பட்டை ஒன்று உடைந்தது. ரேடியேட்டர் ஒழுகியது, அடைத்தார்கள், வேறு இடத்தில் ஒழுகியது. வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்சி சான்று வாங்கக் கோலாருக்குக் கொண்டுபோனால், புகையையும் பிரேக்கையும் சரிசெய்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வண்டி சம்பாதித்ததை வண்டியே தின்றது.

"உங்கண்ணன் பாத்த லட்சணம் இதான்" என்பாள் அம்மா, ரகசியக் குரலில்.

"மெல்லப் பேசு. அவருக்குக் கேக்கும்" என்பார் அப்பா, அதைவிட மெல்ல.

செல்ஃப் மறுபடியும் முனக ஆரம்பித்தபோது, அந்த முனகல் சுவரைத் தாண்டிவிடக் கூடாது என்று அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் அவரும் அம்மாவும் வண்டியைச் சத்தமில்லாமல் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டு கியரைப் போட்டால் எடுத்துக்கொள்ளும். என் பங்குக்கு எனக்கும் ஒரு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது பெரியப்பா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "வண்டி எப்டிம்மா ஓடுது?" என்று கேட்பார். "சூப்பரா ஓடுது பெரியப்பா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். அவர் தலையாட்டிக்கொள்வார். நான் நன்றாக நடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

கோடை விடுமுறையில் ஒருநாள் மத்தியானம் பெரியம்மா சுவரைப் படபடவென்று தட்டினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பெரியப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடலாம் என்றாள் அம்மா. பெரியப்பா கையை அசைத்தார்.

"நம்ம வண்டி கீதே" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாவியை எடுத்தார். அன்றைக்குப் பார்த்து முதல் இழுப்பிலேயே எடுத்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்க் கேன்கள் உருளாமல் பிடித்துக்கொள்ள நான் பின்தட்டில் ஏறினேன். கேபினின் பின்கண்ணாடி எப்போதோ உடைந்துபோயிருந்ததால் உள்ளே பேசுவது எனக்குக் கேட்டது. அம்மா வீட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் நடுத்தெருவில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்காருபேட்டையைத் தாண்டி கோலார் ரோட்டில் ஏறும்போது பானட்டுக்குள்ளிருந்து ஆவி வர ஆரம்பித்தது. அப்பா நிறுத்தவில்லை. ஆவி அதிகமாகி முன்கண்ணாடியை மறைத்தது. பெரியம்மா சாமி பேரையெல்லாம் சொல்லி அழத் தொடங்கினாள்.

"ஆஃப் பண்ணுடா. இன்ஜின் ஜாமாயிடும்" என்றார் பெரியப்பா.

"ஆஃப் பண்ணா மறுபடி எடுக்காதுண்ணா!"

அப்பா கத்திவிட்டார். எங்கள் வீட்டுச் சட்டத்தை முதலில் மீறியது அவர்தான். சொன்ன பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பெரியப்பாதான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்க முடியாது. தண்ணீர் இருந்தும் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பெரியப்பாவுக்குக் காற்று வேண்டுமென்று அப்பா அவரை இறக்கி, ஒரு புங்கமரத்தடியில் உட்காரவைத்தார். சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாததால், தானே பின்னால் உட்கார்ந்து அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். போன் வீட்டில் அம்மாவிடம் இருந்ததால், பெரியம்மா ரோட்டில் நின்று, கோலார் பக்கம் போகிற கார்களுக்கெல்லாம் கைகாட்டினாள். ஒன்றும் நிற்கவில்லை. நான் வண்டியில் கிடந்த ஓர் அட்டையால் பெரியப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

"காலைல வண்டியத் தள்ளிக்கினு போறியே, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?" என்றார் பெரியப்பா.

அப்பா அவருடைய சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"கிளட்ச் போனது தெரியும். பட்டை ஒடஞ்சது தெரியும். ஒனக்கு என்னாத்துக்கு கஷ்டம்னு சும்மா இருந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு பானட்டத் தொட்டுப் பாத்திருக்கணும்டா. நாம போறதுக்கு முன்னாடியே வித்தவன் ஓட்டி சூடாக்கி வெச்சிருந்தான். சூடா இருந்தா எந்த வண்டி எடுக்காது? அதத் தொடாம வுட்டுட்டேன்."

"வுடுண்ணா. இன்னா இப்போ? நல்ல வண்டிதான்."

"நல்ல வண்டியா?"

பெரியப்பா, ஆவி கக்கிக்கொண்டு நின்ற வண்டியைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அப்பாவும் சிரித்தார், அவருடைய முதுகை நீவிக்கொண்டே. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆவி அடங்கியதும் அப்பா தண்ணீரை ஊற்றினார். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. அந்த நேரத்தில் கோலாரிலிருந்து வந்த ஒரு பஸ் எங்களைப் பார்த்துவிட்டு நின்றது. "ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இறங்கிய கண்டக்டர், பெரியப்பாவின் உதட்டைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். வேட்டியை மடித்துக்கட்டியவர்கள், காலேஜ் பையன்கள், பூக்கூடையை ஸீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு அம்மாள் என்று பாதி பஸ் இறங்கி வண்டியைத் தள்ளியது. இன்ஜின் உறுமி எடுத்ததும் அவர்கள் கைதட்டினார்கள். பிறகு அப்பா எங்கும் நிறுத்தவில்லை.

கோலார் ஆஸ்பத்திரியில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆனால் பெரியப்பா உயிரோடு திரும்பி வரவில்லை. மறுவாரம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதே வண்டியில்தான். அன்றைக்கு அது சூடாகவில்லை, நிற்கவுமில்லை. எனக்கு அதன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. யாருமில்லாத நேரம் பார்த்து டயரை உதைத்தேன்.

நேரத்தோடு போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொன்னார். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த வண்டிய வித்துத் தொலைங்க. அன்னிக்கு நடுரோட்டுல நிக்காம இருந்திருந்தா..."

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நின்னதாலதான் எங்கண்ணன் எங்கிட்ட மனசு வுட்டுப் பேசனாரு" என்றார்.

நான் அந்த மரத்தடியில் இருந்தவள். கேட்டதெல்லாம் எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருந்தது. கிளட்ச், பட்டை, பானட்டு. அதற்குமேல் என்ன பேசினார்கள்?

"வண்டியப் பத்தித்தானப்பா பேசனாரு?" என்று கேட்டேன்.

அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். கையைக் கழுவிக்கொண்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே போனார்.