புல் கொட்டகைச் சரிவு

ஈனிட் ஆல்டர்சன் வீட்டிலேயே நல்ல அறையை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சின்ன அறையில் படுத்துக்கொண்டாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிரே பாசி பிடித்த சுவரும், பன்றிகள் இல்லாமல் போன பன்றிப்பட்டியும்தான். மாடியில் முன்பக்கத்து அறை அப்படியில்லை. திரையை விலக்கினால் கல்சுவர்கள், சரிந்து இறங்கும் புல்வெளி, நடுவில் ஒரு கல் கொட்டகை, கீழே ஆறு, அதற்கு அப்பால் யார்க்‌ஷயர் மலைமுகடு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஜூன் மாதத்தில் அந்தப் புல்வெளி மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும்போது, வந்தவர்கள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னலண்டை நின்றுவிடுவார்கள். வருகிறவர்களுக்காக நல்லதை விட்டுக்கொடுத்த பெண்மணி என்று ராவன்கில் ஊரில் அவளுக்குப் பெயர். அவளும் அதை மறுத்துப் பேசியதில்லை.

அந்தச் சரிவில்தான் அவள் கணவன் கிளிஃபர்ட் செத்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம், ஜூலை மாதம். மூன்று நாள் வெயில் காய்ந்தது. நான்காம் நாள் மழை என்று வானொலியில் சொன்னார்கள். அறுத்த புல்லை அதற்குள் கொட்டகையில் சேர்த்துவிட கிளிஃபர்ட் அவசரப்பட்டான். ஈரம் முழுதும் போகாத சரிவில், கொட்டகைக்குக் கீழே டிராக்டரைத் திருப்பினான். ஈனிட் ஒரு கையில் தேநீர்த் தூக்கும் மறு கையில் கூடையுமாகப் புல்வெளிக் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். டிராக்டர் ஒரு சக்கரத்தில் எழும்பி, யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, அப்புறம் கவிழ்ந்தது. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பண்ணை நெட் கோட்ஸ் வந்துதான் நிறுத்தினான். அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பிள்ளைகள் இல்லை.

பண்ணை குத்தகைப் பண்ணை. நிலத்தில் பாதியை நெட் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டான். நாற்பது ஆடுகளை அவள் வைத்துக்கொண்டாள். அது போதாமல், அடுத்த வசந்தத்தில் வாசல் கதவில் ஒரு பலகை மாட்டினாள்: படுக்கை, காலை உணவு. அந்த ஜன்னலைத் தினமும் பார்த்துக்கொண்டு எழுந்திருக்க அவளால் முடியவில்லை. அதனால் அந்த அறையையே விட்டாள். நடந்தது இவ்வளவுதான்.

முதன்முதலில் வந்தவர்கள் லெஸ்லி பாம்ஃபோர்டும் அவர் மனைவி பெரிலும். லெஸ்டர் நகரத்துக்காரர்கள். அவர் ஒரு காலுறைத் தொழிற்சாலையில் எழுத்தர், பெரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முதல் நாளே நடக்கப் போனார்கள். மாலையில் முழங்கால்வரை சேறும் முகமெல்லாம் வெயிலுமாகத் திரும்பி வந்தார்கள்.

"மிஸஸ் ஆல்டர்சன், நாங்க சொர்க்கத்தைக் கண்டுபிடிச்சுட்டோம்!" என்றாள் பெரில். "அந்தக் கொட்டகைக்குக் கீழ ஒரு சரிவு இருக்கே, அங்கதான் உக்காந்து சாப்பிட்டோம். இவரு வாயைத் திறந்தாலே வள வளதான், அங்க ஒரு மணி நேரம் வாயே திறக்கல்லன்னா பாத்துக்கோங்க."

"வாயில முட்டை சாண்ட்விச் இருந்துச்சு," என்றார் லெஸ்லி.

ஈனிட் கையில் தேநீர்ப் பானை இருந்தது. சொல்லியிருக்கலாம். முதல் விருந்தாளிகள், முதல் நாள். சொன்னால் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள் என்று தோன்றியது. "நல்லதுங்க," என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊற்றினாள்.

அந்த ஒரு வார்த்தை பத்தொன்பது வருஷம் நீண்டுபோயிற்று.

ஒவ்வொரு ஜூனிலும் இரண்டாம் வாரம் பாம்ஃபோர்டு தம்பதி வந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டார்கள். நெட் மட்டும் சுவருக்கு மேலிருந்து கேலி பண்ணுவான். "வந்துட்டாங்களா உன்னோட சொர்க்கவாசிங்க? இந்தத் தடவை மழையையும் சேத்துப் படம் பிடிச்சுக்கச் சொல்லு ஈனிட், இங்க அதுதான் தாராளமாக் கெடைக்கும்." பேச்சு விளையாட்டாக இருந்தாலும், சொல்லிவிட்டு அவள் முகத்தை ஒரு தரம் பார்ப்பான். அவனுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கே தெரியும். வெளியூர்க்காரர்களிடம் வீட்டுச் சாவைப் பேசுகிற வழக்கம் அந்த மலையில் இல்லை. அதனால் யாரும் பேசவில்லை.

ஒரு வருஷம் லெஸ்லி அந்தச் சரிவைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டு அறைச் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டினார். மற்ற மாதங்களில் அதை எடுத்துவிடலாம் என்றுதான் ஈனிட் முதலில் நினைத்தாள். ஆனால் வருகிற வேறு ஆட்களும் அதைப் பார்த்து, "இந்த இடத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் வழி சொன்னாள். இடப்பக்கக் கதவு, ஆட்டுத்தொட்டி, அப்புறம் கொட்டகை. அவள் மட்டும் அந்தக் கதவைத் தாண்டவில்லை.

தொண்ணூற்றொன்றில் லெஸ்லி தனியாக வந்தார்.

பிப்ரவரியிலேயே கடிதம் வந்திருந்தது, பெரில் போய்விட்டாள் என்று. நுரையீரல். ஜூனில் வருவேன், அதே அறை வேண்டும் என்றும் எழுதியிருந்தார். வந்து இறங்கியபோது கோட்டு அவர்மேல் தொங்கியது. முதுகுப்பையை ஈனிட் வாங்கப் போனபோது கொடுக்க மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை மழை. முட்டை, பன்றி இறைச்சி, பொரித்த ரொட்டி எல்லாம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. அவர் பைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு நிற டப்பாவை எடுத்து மேசைமேல், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பெரில்," என்றார். "கடைசியில அவ கேட்டது இது ஒண்ணுதான். தன் சாம்பலை அந்தச் சரிவுல தூவிடணும்னு சொன்னா. உங்க அனுமதி இல்லாமச் செய்யக் கூடாதுன்னுதான் கேக்கறேன், மிஸஸ் ஆல்டர்சன்."

"அங்க வேண்டாம்," என்றாள் ஈனிட்.

குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"ஆடு மேயற இடமேன்னு யோசிக்கிறீங்களா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாதாம், நான் விசாரிச்சேன்..."

"ஆட்டுக்காக இல்ல. மேல மலைக்குப் போங்க, ஆத்தங்கரைக்குப் போங்க. எங்க வேணா போடுங்க. அங்க மட்டும் வேண்டாம்."

"ஏன்னு கேக்கலாமா?"

கேட்கலாமா என்று அவ்வளவு பணிவாகக் கேட்டதுதான் அவளை உடைத்தது. நின்றபடியே சொல்லிவிட்டாள். ஈரச் சரிவு, டிராக்டர், நிறுத்தத் தெரியாத எஞ்சின். சொல்லி முடித்தபோது, தட்டுத் துடைக்கும் துணியைக் கையில் கயிறுபோல் முறுக்கி வைத்திருந்தாள்.

லெஸ்லி தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாங்க அங்க உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்போமே," என்றார்.

"ம். காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கும்."

"பத்தொன்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மறு வருஷம் வந்திருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வந்திருக்க மாட்டோம்," என்றார்.

"அதான்."

டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் மழையிலேயே வெளியே போனார். சாயங்காலம் திரும்பினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பை போனபோது இருந்த கனத்திலேயே இருந்தது. ஆற்றங்கரைக்குப் போனேன், மலைமேலும் ஏறினேன், எங்கேயும் மனசு வரவில்லை என்றார். சூப்பைக்கூட வேண்டாமென்று மாடிக்குப் போய்விட்டார். அன்று மாலை முழுக்க மாடியில் நடமாட்டமே கேட்கவில்லை.

இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். பேருந்து ஒன்பதரைக்கு. ஈனிட் வாசல் கதவுவரை வந்தாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மிஸ்டர் பாம்ஃபோர்டு, அங்கயே போடுங்க. நான் தடுத்திருக்கக் கூடாது. வாங்க, நானே கூட வரேன்."

அவர் மறுத்துத் தலையசைத்தார். "உங்களுக்கு நல்ல மனசு. ஆனா இனிமே முடியாது. காலையில ஜன்னலைத் திறந்தேன். பெரில் தெரியல. டிராக்டர்தான் தெரிஞ்சுது." அதில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டு, டப்பா இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார்.

அவர் குறைசொல்லியிருந்தால்கூட அவளுக்கு லேசாக இருந்திருக்கும். தன் துக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்து, இன்னொருவரின் ஒரே சந்தோஷத்தின்மேல் கொட்டிவிட்டோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

ஜூலையில் புல் அறுக்க நெட் வந்தான். அன்றுதான், இருபது வருஷத்துக்கு அப்புறம், ஈனிட் இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நெட் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொட்டகைக்குக் கீழே, பாம்ஃபோர்டு தம்பதி உட்காருகிற இடமாக இருக்கும் என்று தோன்றிய ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். என்னதான் கண்டார்கள் என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. அறுத்த புல்லின் வாசனை, ஆற்றின் சத்தம், மேகநிழல் எதிர்மலையில் மெல்ல ஏறிப் போவது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அழகாத்தான் இருக்கு," என்றாள்.

"எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு, கிழவி," என்றான் நெட். "உனக்குத்தான் பாக்க வாய்க்கல." பிறகு மெதுவாக, "எனக்கும்தான்," என்றான். தொப்பியைக் கழற்றி அதன் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகைக் கண்டுகொண்டதால் எதுவும் சரியாகிவிடவில்லை. அது அவளுக்கு உதவியாக இல்லை, பாரமாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் அவள் லெஸ்லிக்குக் கடிதம் எழுதினாள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், அறை உங்களுடையது என்று. பதில் நான்கு வரி. பெரிலை லெஸ்டர் சுடுகாட்டுத் தோட்டத்தில் ரோஜாப் பாத்தி ஒன்றில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேருந்தில் போய் வருகிறார். பக்கத்தில் பெரிய சாலை, லாரிச் சத்தம் அதிகம். விசாரித்ததற்கு நன்றி. அதற்குப் பிறகு அவளும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஈனிட் பண்ணையை விட்டாள். ஆடுகளை நெட் எடுத்துக்கொண்டான். சந்தை ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை கிடைத்தது. கோடையில் அவள் காய்கறி வாங்கக் கீழே இறங்கும்போது, முதுகுப்பையும் வரைபடமுமாக யாராவது வழி கேட்பார்கள்.

"ராவன்கில் பக்கம் நல்லா இருக்குமாங்க? பாக்கலாமா?"

"மூணாம் நம்பர் பஸ். பத்தே காலுக்கு வரும்," என்பாள் ஈனிட். "மழைக்கோட்டு வெச்சிருக்கீங்களா?"

பேருந்து வந்து, அவர்கள் ஏறி, அது திருப்பத்தில் மறைகிறவரை அங்கேயே நிற்பாள். அதற்கப்புறம்தான் கடைக்குப் போவாள்.