எண்பத்தைந்து வயதுவரை

எண்பத்தைந்து. மஞ்சிரி தாம்பே தன் கணவனுக்கு எழுதிய ஆயுள் அது. மிலிந்துக்கு இப்போது நாற்பத்து நான்கு.

அந்த எண் அவளுடையதல்ல, பாடத்தினுடையது. நிதித் திட்டமிடல் சான்றிதழுக்குப் படிக்கிற எல்லோரும் வாடிக்கையாளர் எண்பத்தைந்து வயதுவரை இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குவார்கள். மற்ற தாள்களை மஞ்சிரி முடித்துவிட்டாள். கடைசித் தாளுக்கு, உண்மையான ஒரு குடும்பத்தின் வரவுசெலவை வாங்கி, பெயரை மாற்றி, வாழ்நாள் முழுவதற்கும் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும் சொந்த அண்ணனே டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வேறு வழியில்லாமல் தன் குடும்பத்தையே எடுத்துக்கொண்டாள்.

மும்பையை அடுத்த தானே நகரில் ஒரு முதலீட்டு அலுவலகத்தில் அவள் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறாள். தேர்ச்சி பெற்றால் ஆலோசகர் நாற்காலி, ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளம். மிலிந்த் டோம்பிவிலியில் சாயத் தொழிற்சாலை மேற்பார்வையாளன். நுரையீரல் இறுகிப்போய் ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். தொழிற்சாலை தருகிற பாதிச் சம்பளம் மார்ச்சோடு சரி. இந்த முறை விட்டால் மறுபடி எழுத ஆறு மாதம் ஆகும்.

காலை லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில், நின்றபடியே படிப்பாள்.

"ஏய் மஞ்சிரி, அதுல எங்களுக்கெல்லாம் எத்தனை வயசுல சாவு போட்டிருக்க?" என்றாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கல்பனா தாயி.

"எல்லாருக்கும் எண்பத்தஞ்சு, தாயி."

"என் மாமியாருக்குமா? அடிப்பாவி, கொஞ்சம் குறைச்சுப் போடுடி!"

பெட்டியே சிரித்தது. மஞ்சிரியும் சிரித்தாள். அவள் வீட்டு விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். மூக்கில் குழாயோடு மிலிந்த் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆக்ஸிஜன் இயந்திரம் மூலையில் இரைந்துகொண்டிருந்தது. திரையில் பாதிக்கு மேல் சிவப்பு. அவனுக்கு ஐம்பது ஆவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும் என்று அதற்கு அர்த்தம்.

"யாரு இந்தக் கிழவன்? எண்பத்தஞ்சு?"

"நீதான்."

சிரிக்கப் போய் இருமினான். மூச்சு நிதானப்பட வெகுநேரம் ஆயிற்று.

"டாக்டர் சொன்னதைப் போடு, மஞ்சு."

"பாடத்துல இப்படித்தான் இருக்கு."

"பாடத்துல... ஆக்ஸிஜன் மெஷின் இருக்கா?"

அவள் தடுப்பதற்குள் அவனே விரலை நீட்டி எண்பத்தைந்தை அழித்து நாற்பத்தேழு என்று அடித்தான். திரை பச்சையானது. மருந்துச் செலவு நின்றது. நோய்க்கு முன்னால் எடுத்திருந்த காப்பீடு வந்து சேர்ந்தது. மகள் சாயியின் கல்லூரி, வீட்டுக் கடன், மஞ்சிரியின் முதுமை, எல்லாம் பச்சை.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, நீ பாஸ்!" என்றான் மிலிந்த்.

அவள் மறுபடி எண்பத்தைந்து போட்டாள்.

"கோவிச்சுக்காத. நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

"கணக்கு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நீ சொல்லாத." எழுந்துபோய் பாக்ரி ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

சிவப்பாக இருந்ததையே பயிற்சி ஆசிரியர் பருளேகருக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? வீட்டுக்காரருக்கு நுரையீரல் நோய்னு எழுதிட்டு, எண்பத்தஞ்சு போட்டிருக்க. திருத்துறவன் ஒரே கோடா அடிச்சிடுவான். நடக்கிறதைப் போடு. யாரு குடும்பம் இது?"

"பக்கத்து வீடு, சார்."

"ஐயோ பாவம். அந்தம்மாவுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியும், சார்."

"அப்புறம் என்ன? மாத்திட்டு அனுப்பு. நாளைக்குக் கடைசி நாள்."

மறுநாள் மதியம், அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மாற்றினாள். பச்சையானதைச் சரிபார்த்துச் சமர்ப்பித்தாள். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

மார்ச் நடுவில் முடிவு வந்தது. சாயி கடைக்கு ஓடி பேடா வாங்கி வந்தாள். மிலிந்த் கால்வாசி கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தான்.

"கடைசியில எத்தனை போட்ட?"

"எண்பத்தஞ்சு."

"அப்புறம் எப்படி பாஸ் பண்ணாங்க?"

அவள் இயந்திரத்தின் தண்ணீர்க் குப்பியைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மார்ச் முப்பத்தொன்றோடு மிலிந்தின் பாதிச் சம்பளம் நிற்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு மஞ்சிரி தன் முதல் வாடிக்கையாளரைச் சந்திக்கிறாள்.