பட்டியலில் இல்லாத மாலைதீவு

இத்தாலியின் தெற்கே, பல்லரோச் சந்தைக்குப் பின்னால், ஒரு தேவாலயத்தின் பக்க அறையில் வெளிநாட்டவருக்கு விசாப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறார்கள். மிலானோவிலிருந்து தங்கையைப் பார்க்க வந்த நான், அவளுக்காக வரிசையில் நிற்கிறேன். சந்தையின் மீன் வாடை அறைக்குள்ளும் வருகிறது.

எனக்கு முன்னால் நிற்கும் இப்ராஹிம் மாலைதீவுக்காரர், சமையல் வேலை. மேசைக்குப் பின்னால் இருக்கும் இத்தாலிய அம்மணி, எல்லோருக்கும் 'சிஞ்ஞோரா', நாடுகளின் பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, "இதில் இல்லை. பக்கத்து நாடுதானே, இலங்கை என்று போடுகிறேன்" என்கிறார்.

இப்ராஹிம் பதறிப்போய், கொழும்புக் கடையொன்றில் பழகிய தமிழில் என்னிடம் சொல்கிறார்:

"தம்பி, இவவுக்குச் சொல்லுங்க. வெள்ளைக்காரன் எங்களப் பாதுகாக்கிறன் எண்டான். வெளிநாட்டுக்கு ஒரு கடிதம் போடவும் எங்கட சுல்தான் அவனத்தான் கேக்கோணும். அதுவும் கொழும்பில இருந்த வெள்ளைக்காரன்ட மேசையாலதான் போகும். அறுபத்தஞ்சில சுதந்திரம் எடுத்தம். அந்தக் கையெழுத்தும் கொழும்பிலதான். திரும்பவும் எங்களக் கொழும்புக்குக் கீழ போட வேணாம்."

நான் இத்தாலிய மொழியில் சொல்லி முடிக்கிறேன். சிஞ்ஞோரா சுல்தானைப் பொருட்படுத்தவில்லை.

"என் மகள் தேனிலவுக்குப் போனாளே, அந்த மாலைதீவா!"

உடனே பட்டியலின் அடியில் பேனாவால் நாட்டின் பெயரை எழுதிச் சேர்க்கிறார். "அந்தச் சொர்க்கத்தை விட்டு இவர் ஏன் இங்கே வந்தார்?"

அதைத் தமிழில் கேட்கிறேன். இப்ராஹிம் சிரிக்கிறார்.

"அவவின்ட மகள் போனது ஹோட்டல் தீவு. இங்க மாதிரி அங்க தங்கவும் எனக்குப் பெர்மிட் வேணும், தம்பி."

படிவம் இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. "வேலைக்காக வந்தாராம்" என்று மொழிபெயர்க்கிறேன்.