ஏழாவது சீட்டு

சரோஜா அக்காவைச் சரிவுக்கு அனுப்பியவன் நான். சீட்டுதான் அனுப்பியது என்று ஊரே சொல்கிறது. இரண்டு வருடமாக நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். பொய்! நான்தான் அனுப்பினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைமேல், கியா பார்ம் ஊரைத் தாண்டி இருக்கிறது. அதில் ஆற்றோரமாக ஒரு செங்குத்துச் சரிவு. அங்கே இயந்திரம் நிற்காது. கத்தரியோடு ஒருவர் தனியாக இறங்கித்தான் கொழுந்து வெட்ட வேண்டும். யார் இறங்குவது என்று ஓயாத சண்டை. கங்காணி ஒரு வழி கண்டார். திங்கட்கிழமை காலை ஆள் கூடும் பெரட்டில், என்னையும் சேர்த்து எட்டுப் பேருக்கு எட்டுச் சீட்டு. இஸ்பேட் ஏஸ் யாருக்கு விழுகிறதோ, அந்த வாரம் சரிவு அவருக்கு.

சீட்டுப் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் குடிக்காதவன், சூதாடாதவன்... யோக்கியன்!

அந்த யோக்கியன் வீட்டில் என்ன செய்தான் தெரியுமா உங்களுக்கு? கைப்பேசியைப் பார்த்து ஒரு வித்தை பழகினான். மேல் சீட்டைக் கொடுப்பது போலவே தெரியும். போவதோ அதற்கு அடுத்த சீட்டு. இடது கட்டைவிரல் மேல் சீட்டை மயிரிழை பின்னுக்கு இழுக்க வேண்டும், வலது விரல் அடுத்ததை உருவ வேண்டும், இரண்டும் ஒரே நொடியில். ஒன்றரை வருடம் பழகினேன்! இந்த மலைக் குளிரில் விரல் விறைத்துப்போகும். வெந்நீரில் முக்கி எடுத்து மறுபடி ஆரம்பிப்பேன். தானா ராத்தா டவுனில் தீபாவளி விருந்து மேடையில் செய்து காட்டிக் கைதட்டல் வாங்க வேண்டும் என்ற வெறி.

கண்ணாடி முன்னால் சரியாக வந்துவிட்டது. கண்ணாடியை ஏமாற்றி என்ன ஆகப்போகிறது? சந்தேகமே படாத மனிதர்கள் வேண்டும். பெரட்டில் ஏழு பேர் நின்றார்கள்.

அன்று கலைக்கும்போதே ஏஸை மேலே கொண்டுவந்தேன். ஏழு பேரையும் தாண்டி அதைக் காப்பாற்றி, கடைசியில் எனக்கே போட்டுக்கொள்வது திட்டம். இறங்கப்போவது நான்தானே, யாருக்கு என்ன கெடுதல்... அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேனா?

மூன்று நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு பேரைத் தாண்டிவிட்டேன்! ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளுக்குள் துள்ளினேன். ஏழாவதாக சரோஜா அக்கா கையை நீட்டினார். என்னிடம் இரண்டே சீட்டு. இந்த வித்தையில் அதைவிடக் கடினமான இடம் இல்லை.

“ஏம்ப்பா, இப்படி முழிக்கிற? பேயப் பாத்துட்டியா?” என்றார்.

கட்டைவிரல் நழுவியது. ஏஸ் அவர் கைக்குப் போய்விட்டது.

“அட, என்னா லா இது, எனக்கா!” சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்தார். “சரி, நம்ம தலையெழுத்து. பத்து மணிக்கு எனக்கும் கொஞ்சம் டீ வைப்பா.”

நில்லுங்கள் அக்கா, நான் போகிறேன்... நாலே சொல்! சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே, என் வித்தை அம்பலமாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பத்து மணிக்கு முன்பே சரிவில் மண் சரிந்துவிட்டது. மாலையில்தான் அவரைத் தோண்டி எடுத்தார்கள்.

விரல் நழுவியதா, நழுவ விட்டேனா? வீட்டில் நூறு முறை போட்டாலும் தப்பாத விரல் அது. ஊறிய மண்ணில் இறங்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

சாவு வீட்டில் அவர் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். “உம்மேல என்னப்பா தப்பு? சீட்டு விழுந்திச்சு, போய்ட்டா.” ஐயோ, அந்தக் கைகளை!

தோட்டத்து வீட்டில் இருக்க வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் வேலைக்கு நிற்க வேண்டும். கணவருக்கு இதய நோய். மகள் தேவி ஈப்போவில் படிப்பை விட்டுவிட்டு வந்து, அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

சரியாத பக்கத்தில் கொழுந்து வெட்டுவது நிற்கவில்லை, சீட்டும் நிற்கவில்லை. சீட்டை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கங்காணியிடம் கெஞ்சினேன். “நீயே போடு லா. ஒன் கைதான் சுத்தமான கை” என்றார்.

சுத்தமான கை! வாரா வாரம் இந்தக் கையால்தான் தேவிக்கு ஏஸ் விழாமல் தாண்டுகிறேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை. உனக்கே போட்டுக்கொள்ளேன் என்கிறீர்கள். போட்டுக்கொண்டேன், பல வாரம். போன மாதம் சரிவின் உச்சியில் புதிதாக ஒரு வெடிப்பு. எல்லோரும் பார்த்தோம். தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி, வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வெட்டுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஏஸ் விழவே இல்லை. தேவிக்கும் விழவில்லை. மீதி ஆறு பேர் இருக்கிறார்கள்.

நேற்றிலிருந்து மழை விடவில்லை. நாளை திங்கட்கிழமை. யாருக்குப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்...