யானைகளுக்கு யார் வாடகை கட்டுவது

நோர்வேயின் வாடகைச் சட்டம் இந்த விடயத்தில் தெளிவானது. வாடகைக்கு விட்ட வீட்டில் ஒரு குறை இருந்து அதை வீட்டுக்காரர் நீக்காவிட்டால், குறையின் அளவுக்கு வாடகையும் குறைய வேண்டும். குடியிருப்பவர் காலம் கடத்தாமல் அதை அறிவித்தால் போதும். ஃபைபர் யானைகளைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நானும் மனைவியும் ஸ்டோவ்னர் என்ற புறநகரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஒப்பந்தப்படி எங்களுக்கு இரண்டு அறைகள். மேல்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வார நாட்களில் பஸ் ஓட்டுவார். சனி, ஞாயிறில் கல்யாணங்களுக்கு மணவறை மேடை போட்டுக் கொடுப்பார். சென்ற இலையுதிர் காலத்தில், நான் வீட்டில் இல்லாத ஒரு மாலையில், "ரெண்டு கிழமைக்கு மட்டும் அக்கா" என்று என் மனைவியிடம் கேட்டு, எங்கள் இரண்டாவது அறைக்குள் பொன்னிறத் தூண்களையும் சிவப்பு வெல்வெட் கதிரைகளையும் ஆளுயர யானைகள் இரண்டையும் இறக்கிவிட்டார். அவை மாரி முழுவதும் அங்கேயே நின்றன.

தை மாதத்தில் வாடகை உயர்ந்தது. விலைவாசிச் சுட்டெண்ணின்படி, ஒரு மாத முன்னறிவித்தலுடன், நோர்வேஜிய மொழியில், சட்டப் பிரிவின் எண்ணோடு, பதிவுத் தபாலில். மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு வருவதற்கு அந்தக் கடிதம் தபால் நிலையம் வரை போய் வந்திருக்கிறது. நகரசபை அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் மற்றவர்களுடைய கடிதங்களில் பிழை பிடித்தவன் நான். அதில் ஒரு பிழையும் இல்லை.

என் ஓய்வூதியம் அந்த வேகத்தில் உயர்வதில்லை. வாடகை குறையாவிட்டால் வீட்டை விட்டுவிட்டு பேர்கனுக்கு, மகளிடம் போவதென்று மனைவி முடிவு செய்துவிட்டாள். மருமகன் நல்லவர். பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் கோப்பையை எந்தப் பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்று, போகும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவார். மிச்சமிருக்கும் காலத்தை அந்தப் பாடத்தில் கழிக்க எனக்கு உத்தேசமில்லை.

ஆகவே நானும் எழுதினேன். ஒரே பக்கம். இரண்டு அறைக்கு வாடகை கட்டுகிறேன், ஓர் அறையில் வாழ்கிறேன். மற்ற அறை காலியாகும் வரை அதன் பங்கைக் குறைத்து எழுத்தில் உறுதி செய்யவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேலேயிருந்து ஆட்டிறைச்சிக் கறி வந்தது.

மறுநாள் படியில் சந்தித்தோம்.

"கறி எப்பிடியண்ணை?"

"கறி திறம். கடிதம் பாத்தனீரோ?"

"என்னண்ணை நீங்கள்! எங்கடை ஆக்களுக்குள்ளை என்ன கடிதம்? ஆறுதலா இருந்து கதைச்சுத் தீப்பம்."

"வாடகையைக் கூட்டேக்கை நீர் இருந்து கதைக்கேல்லையே. பதிவுத் தபாலிலையெல்லோ அனுப்பினனீர்."

"அது சட்டமண்ணை."

"இதுவும் அதே சட்டம்தான் தம்பி. ரெண்டு பக்கம் முன்னாலை புரட்டும்."

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. மனைவி வடை சுட்டாள். நான் கடிதத்தின் பிரதியொன்றை, எண்ணெய் படாமல் பிளாஸ்ரிக் உறையில் இட்டு, வடைகளின் மேல் வைத்து அனுப்பினேன். பதிலுக்குப் புட்டும் நண்டுக் குழம்பும் வந்தன. மீண்டும் ஒரு பிரதி மேலே போனது. இப்படியே பனி கரையும் வரை நானும் அவரும் தொடர்பில் இருந்தோம். எழுத்தில் ஒரு பதிலைத் தவிர அவரிடமிருந்து மற்ற எல்லாம் வந்தன.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. கதவு மணி அடிக்கவில்லை. சாவி திரும்பிய சத்தம்தான் கேட்டது. வீட்டுக்காரரும், அவருக்குப் பின்னால் ஒரு தாயும் மகளும். மணவறை பார்க்க வந்திருக்கிறார்கள். நான் மாப்பிள்ளைக் கதிரையில் சாரம் கட்டியபடி அமர்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். மணவறைக் கதிரைகளை விட்டால் அந்த அறையில் உட்கார வேறு இடமில்லை.

"வாங்கோ, இருங்கோ" என்றேன். "மற்றக் கதிரை பொம்பிளைக்கு."

தாய் தயங்கினார். "இது உங்கடை சாமானோ ஐயா?"

"சாமான் அவரின்ரை. அறை என்ரை. யானையளுக்கும் சேத்து நான்தான் வாடகை கட்டுறன்."

மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரின் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி, சாமான் வைக்கிற இடத்துக்கு வாடகை கட்டுறன் எண்டு எங்களிட்டைத் தனியா ஒரு காசு கேட்டனீங்கள்?"

"அது அக்கா… அது வேறை இடம்."

"வேறை இடத்திலையும் யானை நிக்குதோ?" என்றாள் மகள்.

சமையலறையில் நின்ற மனைவிக்கு இது முழுவதும் கேட்டது. அவர்கள் போன பிறகு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப அவர் எங்கடை அறைக்குச் சனத்திட்டை வாடகை வாங்கிறார்."

"ஓம்."

"எங்களிட்டையும் வாங்கிறார்."

"ஓம்."

அன்று மாலை இரண்டாவது கடிதம் எழுதினேன். அறிவிக்காமல் உள்ளே வந்தது சட்டத்தின் வேறொரு பிரிவு; அதையும் சேர்த்தேன். கல்யாணத்துக்கு மணவறையை எடுக்க வேண்டுமானால் முன்கூட்டி எழுத்தில் கேட்கவும். முதற் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் உமக்கு வராது, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் சபைக்குப் போகும். நல்ல கடிதம். ஆனால் அவரை அசைத்தது அந்தக் கடிதம்தான் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ஞாயிறு வழக்கம்போல மேலேயிருந்து சாப்பாட்டுப் பெட்டி வந்தது. கோழிக் கறி, மணம் மூடியைத் தாண்டி வந்தது. மனைவி அதை வாங்கினாள், திறக்கவில்லை. அப்படியே படியேறிப் போனாள். மேலே அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"தம்பி, இதை நீங்களே சாப்பிடுங்கோ. அவர் கேட்டது கறியில்லை."

வந்த சாப்பாட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு மேல் எங்கள் ஆட்களிடையே ஒரு நடவடிக்கை கிடையாது. எந்தச் சபையாலும் இப்படி ஒரு தீர்ப்பைக் கொடுக்க முடியாது.

பதில் எங்கள் தபால் பெட்டிக்குள் கிடந்தது. முத்திரை இல்லை, கையால் போட்டது. அறை காலியாகும் வரை வாடகை குறைக்கப்படும், என் முதற் கடிதத்தின் நாளிலிருந்தே அது கணக்கில் எடுக்கப்படும் என்று ஒழுங்காக எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். மனைவி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மகளுக்குத் தொலைபேசி எடுத்து, நாங்கள் பேர்கனுக்கு வரவில்லை என்றாள்.

கடிதத்தின் தலையில் பெப்ரவரித் திகதி ஒன்று போட்டிருந்தது, மாரியிலேயே பதில் எழுதிவிட்டவர் போல. நான் பேனையை எடுத்து, அலுவலகத்தில் செய்ததுபோல, வலது மூலையில் எழுதினேன்: கிடைத்தது, மே 16.