நாற்பது வினாடி

பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கீழே லேத் ஓடினால் மேலே கம்ப்யூட்டர் திரை நடுங்கும். நானும் மேலப்பாளையத்து நண்பன் ஒருவனும் மட்டும்தான். நேரில் ‘வாரும், இரும்’ என்றுதான் பேச்சு. மனசுக்குள் எனக்கு அவர் எப்போதும் ‘அவன்’தான். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளைப் பதிவு செய்யும் ப்ரோகிராமை நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். நாங்கள் என்பது என் வாய்க்கொழுப்பு. எழுதியது முழுக்க அவன். கவுண்டரில் நாள்கணக்காக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் அவன். நான் மாடியில் நிர்வாகத்தாரின் ஏ.சி. அறையில் பேசிவிட்டு வருவேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆஸ்பத்திரி பெரிதானது. ஒரு கவுண்டர் ஐந்தானது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பழைய நோயாளியின் பேரைத் தேடினால் ப்ரோகிராம் முழி பிதுங்கி நின்றுவிடும். தகவல் இருக்கும் இடத்துக்கு ப்ரோகிராம் எந்த வழியாகப் போய் வர வேண்டும் என்பதுதான் கேள்வி. டி.ஏ.ஓ. என்ற பழைய வழியையே செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம். அது பீரோவையே கவுண்டருக்குத் தூக்கி வந்து சீட்டைத் தேடுகிற வழி. இல்லையென்றால் ஆர்.டி.ஓ. என்ற புது வழிக்கு மாறலாம். அது உள்ளே இருக்கும் ஆளிடம் கேட்டு, வேண்டிய சீட்டை மட்டும் வாங்கி வருகிற வழி.

“ஆர்.டி.ஓ.வா? பட்டா மாத்தவா போறோம்வே?” என்று கேட்டான். சிரித்தோம். அந்த மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

ஏனென்றால் அவன் மேசை டிராயரில், அரபு நாட்டில் தம்மாமுக்குப் போக ஒரு விசா கிடந்தது. மச்சான் அனுப்பியது. ஒரு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். அவனுக்குப் போக மனசில்லை.

“பிள்ளை இப்பதான் வாப்பான்னு வாய் நிறையக் கூப்பிடுதா. இங்கன வேலை இருக்குன்னு சொன்னா வீட்டுல விட்டுருவாங்க” என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

பழைய வழி என்றால் அவன் கை படாமல் ஒரு வரி நகராது. இரண்டு வருஷத்துக்கு வேலை உண்டு. புது வழி என்றால் அவன் எழுதியது அத்தனையும் குப்பைக்கு. அதில் பயிற்சி எடுத்தவன் நான். ஒரு ஆள் போதும். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? “ரெண்டையும் ஓட்டிப் பாத்து முடிவு பண்ணுவோம்வே” என்றேன். என் கோழைத்தனத்துக்கு அன்று நான் வைத்த பேர் சோதனை.

சோதனையையும் அவனே செய்தான். நாற்பதாயிரம் பொய்ப் பேர்களை உண்டாக்கினான். கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். செப்பனிட்ட பழைய வழியில் நிற்காமல் ஓடியது. ஆனால் ஒரு பேரைத் தேட நாற்பது வினாடி. புது வழியில் ஆறு. அவன் நினைத்திருந்தால் எங்காவது ஒரு இடத்தில் சொதப்பி வைத்திருக்கலாம், பயிற்சி எடுத்திருந்தும் எனக்குப் பிடிபட்டிருக்காது. இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்து, நல்ல கையெழுத்தில் தாளில் எழுதி என் பக்கம் தள்ளினான்.

“ஆறுதான்வே. நல்லாத்தான் ஓடுது.”

“அப்ப என்ன செய்யலாம்?”

“உம்ம இஷ்டம்.”

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “புதுசுக்கே போயிருவோம்” என்றேன்.

அவன் டிராயரைத் திறந்து விசாவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேன் கிளம்பிய அன்று பிள்ளையை என் கையில் தந்துவிட்டு ஏறினான். அது என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. வேன் தெருமுனை திரும்பியதும்தான் அழுதது. எனக்குச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை.

நாலு மாதத்தில் புது ப்ரோகிராமை ஆஸ்பத்திரியில் போட்டேன். அவன் இல்லாததால், முதன்முறையாக நான் கவுண்டரில் உட்கார்ந்தேன். மணிமுத்தாறிலிருந்து ஒருவர் வந்தார். கவுண்டர் அக்கா அவர் பேரைத் தட்டிவிட்டு, “எந்த ஊரு அண்ணாச்சி? என்ன செய்யுது?” என்று கேட்டார்.

“மணிமுத்தாறு. நமக்குச் சொந்த ஊரு ஆலங்குளம். டேம் கட்டுத வேலைக்கு எங்க அய்யா வந்தாரு, அங்கனயே இருந்துட்டோம். முட்டுவலி. எனக்கில்ல, அது வீட்டுல. எனக்குக் கண்ணுதான்…”

ஆறாவது வினாடியில் வந்து நின்ற அவர் விவரம் திரையில் காத்துக்கொண்டே இருந்தது. அவர் முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அடுத்து வந்தவருக்கும் அப்படித்தான்.

“ஒரு பேரைத் தேட நாப்பது செகண்டு ஆனா உங்களுக்குச் சிரமமாக்கா?” என்று கேட்டேன்.

“அஞ்சு பேரும் தட்டுனா நிக்காம இருந்தாப் போதும் தம்பி. நாப்பது செகண்டு ஒரு நேரமா? இவங்க பேசி முடிக்கதுக்குள்ள வந்துரும்.”

நாற்பதே போதும். நான் மெஷினை அளந்தேன், கவுண்டரை அளக்கவில்லை. ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

ஒன்றரை வருஷத்தில் ஆர்.டி.ஓ.வும் பழசாகிவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்களே வேறொன்றைக் காட்டி, இனி இதுதான் என்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன், தனியாக.

வெள்ளிக்கிழமைகளில் தம்மாமிலிருந்து போன் பண்ணுவான். ஒரு வெள்ளிக்கிழமை, கவுண்டரில் பார்த்ததை அவனிடம் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அது எனக்கு அப்பவே தெரியும்வே. அந்தக் கவுண்டருல எத்தனை நாள் இருந்திருக்கேன்.”

“பின்ன ஏன்வே சொல்லல?”



“நானாச் சொன்னா, ஊருல இருக்கதுக்காகச் சொல்லுத மாதிரி இருக்கும்லா. கவுண்டருக்கு நாப்பது போதுமான்னு நீரு ஒரு வார்த்தை கேப்பீருன்னு பாத்தேன்.”

 அவனே பேச்சை மாற்றினான்.

“பிள்ளை வளந்துட்டா வளந்துட்டான்னு எல்லாரும் சொல்லுதாங்க. எவ்வளவுன்னு யாரும் சொல்ல மாட்டேங்காங்க. நீரு அளந்து சொல்லுத ஆளுல்லா, ஒரு எட்டு வீட்டுக்குப் போயி, அவளைச் சுவத்தோட நிக்க வச்சு அளந்து சொல்லும்வே.”